தேயிலைத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சியை இணையவழியில் நடத்திப் பதிவு செய்யும் முறை

இலங்கை மலையகத்தில் உள்ள நமது தேயிலைத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சிக்கென ஒரு பதிவேடு பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. அதை விரித்து வைத்துக்கொண்டு, “கொழுந்தை நசுக்கி வெட்டும் ரோட்டர்வேன் இயந்திரத்தில் நிற்கும் இவருக்கு அதை நிறுத்தும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? எந்த நாளில்? இவர் தம் கையால் நிறுத்திக் காட்டினாரா?” என்று கேட்டுப் பாருங்கள். பக்கம் பக்கமாகக் கையொப்பங்கள் இருக்கும். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்காது. இணையவழிக்கு மாறும்போது அதே கையொப்பத் தாளைத் திரைக்கு ஏற்றிவிட்டால், பழைய குறை புதிய இடத்தில் குடியேறுமே தவிர வேறொன்றும் நடக்காது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு தொழிற்சாலையில், ரோட்டர்வேனின் வாயில் கொழுந்து அடைத்துக்கொண்டபோது, இயந்திரத்தை நிறுத்தாமல் கையால் தள்ளிய இளைஞர் ஒருவர் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். அதற்கு முந்திய மாதத்தில் “பொதுப் பாதுகாப்பு, ஒரு மணி நேரம்” என்ற தலைப்பின் கீழ் அவருடைய கையொப்பம் இருந்தது. அந்தத் தலைப்பை எழுதியவன் நான். அன்று தீயணைப்புக் கருவியைப் பற்றியே பேசினோம் என்பதும், அவர் அப்போது கொழுந்து வாட்டும் தட்டில் வேலை செய்தார் என்பதும், ரோட்டர்வேனுக்கு மாற்றப்பட்டபோது யாரும் அவருக்கு எதையும் காட்டவில்லை என்பதும் அந்த வரியிலிருந்து தெரியவில்லை. கீழே சொல்லப்படும் முறை முழுவதும் அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதும் முயற்சியிலிருந்து வந்தது.

முதலில் பட்டியல், பிறகு மென்பொருள்

எந்த மென்பொருள் நல்லது என்று தேடுவதற்கு முன்னர், ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, ஒரு முறை கொழுந்து லொறி வந்து நிற்கும் இடத்திலிருந்து பொதி ஏற்றும் இடம் வரை நடந்து, ஒவ்வோர் இடத்திலும் கையை, கண்ணை, மூச்சை எது பாதிக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாட்டும் தட்டின் மின்விசிறி, ரோலரின் சுழலும் மேசை, ரோட்டர்வேனின் வாய், ட்ரையரின் அடுப்பு, சலிக்கும் அறையில் எழும் தேயிலைத் தூசு, கொழுந்துச் சாறு பட்டு வழுக்கும் தரை, பெல்ட்டில் சிக்கக்கூடிய சேலைத் தலைப்பும் கழுத்துத் துண்டும் என்று அந்தப் பட்டியல் தானாக நீளும். பிறகு ஒரு விரிதாளில் இடப்பக்கம் ஆட்களின் பெயர்களையும் மேற்பக்கம் இயந்திரங்களையும் வேலைகளையும் எழுதுங்கள். யார் எந்த வேலையைச் செய்கிறாரோ அந்தக் கட்டத்தில் மட்டும் பயிற்சி தேவை என்று குறியுங்கள். இக்கட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் “பொதுப் பாதுகாப்பு” என்ற வெற்றுத் தலைப்புக்கே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும்.

ஆட்களைப் பெயரால் மட்டும் அடையாளப்படுத்த வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், செக்ரோல் என்னும் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் ஒரே பெயர் எழுதப்பட்டிருப்பதால் ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கு அலைந்தவர்களை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். லெட்சுமி, லக்சுமி, இலட்சுமி என்று மூன்று வரிகள் இருந்தால், பயிற்சி பெற்றவர் ஒருவரா மூவரா என்பதைக் கணினியால் சொல்ல முடியாது. ஆகவே ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையே முதன்மை அடையாளமாக வைத்து, பெயரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். விரிதாளில் அந்த நிரலை (நெடுவரிசையை) எண்ணாக அன்றி எழுத்தாக வடிவமைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சியத்தில் தொடங்கும் இலக்கங்களின் முன்னெண்ணை விரிதாள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

பாடத்தை உங்கள் ஸ்டோரிலேயே படம் பிடியுங்கள்

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் எடுத்த ஆங்கிலக் காணொளிக்குத் தமிழ் எழுத்தை ஒட்டிக் காட்டுவதைவிட, தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் உங்கள் டீமேக்கர் உங்கள் இயந்திரத்தின் அருகில் நின்று மூன்று நான்கு நிமிடம் பேசும் கைத்தொலைபேசிக் காணொளி பன்மடங்கு பயன் தரும். ஓர் இயந்திரத்துக்கு ஒரு காணொளி போதும். அதன் முதல் காட்சி நிறுத்தும் பொத்தானாக இருக்கட்டும். எங்கே இருக்கிறது, எந்த நிறம், எந்தப் பக்கமாக நின்றால் கைக்கு எட்டும் என்பதைக் காட்டிய பிறகே மற்றவற்றுக்குப் போகலாம். அடைப்பை எடுக்கும் காட்சியில், இயந்திரத்தை நிறுத்துவது, பிரதான சுவிட்சை இறக்கிப் பூட்டுவது, “ஆள் வேலை செய்கிறார், போட வேண்டாம்” என்ற அட்டையைத் தொங்கவிடுவது, சுழற்சி முழுவதும் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்ப்பது ஆகிய நான்கையும் வெட்டாமல், உண்மையில் எடுக்கும் நேரம் முழுவதும் காட்டுங்கள். நிறுத்திய பின்னும் இயந்திரம் சில நொடிகள் சுழல்கிறது என்பதை வெட்டி ஒட்டிய காணொளி மறைத்துவிடுகிறது.

சொற்களில் கவனம் தேவை. பாடப்புத்தகத்தில் “ஆளி” என்று இருக்கலாம். ஸ்டோரில் அது சுவிட்ச்தான். உலர்த்தி என்று சொன்னால் ட்ரையரில் நிற்பவர் தம்மைப் பற்றிய பேச்சு என்று அறியாமல் போகக்கூடும். அதே பாடத்தைச் சிங்களத்திலும் தனியாக எடுத்து வையுங்கள்; ஒரே அறையில் இரு மொழியினர் வேலை செய்யும் இடங்களில் இரண்டு காணொளிகளும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்று இரு மொழியும் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். கோப்பின் பெயரில் இயந்திரம், மொழி, பதிப்பு எண், எடுத்த மாதம் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். பிற்காலத்தில் காப்புக் கூடு மாற்றப்பட்டால், பழைய பதிப்பைப் பார்த்தவர் யார், புதியதைப் பார்த்தவர் யார் என்று பிரித்தறிய அந்தப் பதிப்பு எண்ணே உதவும்.

காணொளியை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு “எல்லோரும் பாருங்கள்” என்று எழுதுவது பயிற்சி ஆகாது. தொழிலாளர் வசிக்கும் லயத்தில் ஒரு வீட்டில் ஒரே தொலைபேசி இருக்கும். அதில் பிள்ளை பாடம் படித்துக்கொண்டிருக்கும். டேட்டாவுக்கும் தொழிலாளியே காசு கொடுக்க வேண்டும். வேலை நேரத்தில், அந்த நாளின் பேர் (நாட்சம்பளக் கணக்கு) குறையாத வகையில், ஐந்தாறு பேரை ஒரு டேப்லெட்டின் முன் உட்கார வைத்து காட்டுங்கள். அது முடிந்ததும் மூன்று கேள்விகளை வாயால் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களைப் படிவத்தின் முன் நிறுத்திக் கூச வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பிறகு எல்லோரும் இயந்திரத்தின் அருகே போய், ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டட்டும்.

படிவத்தில் என்ன இருக்க வேண்டும்

சிறிய தொழிற்சாலைக்குக் கூகுள் படிவமும் அதன் விரிதாளும் போதுமானவை. ஆட்கள் அதிகமாகி, பாடங்களையும் கேள்விகளையும் ஒரே இடத்தில் வைக்க விரும்பினால் மூடில் என்ற இலவச மென்பொருளை நிறுவலாம். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் உங்களிடம் இருக்க வேண்டும். ஒரு நிரப்புதலுக்கு ஓர் ஆள், ஓர் இயந்திரம் என்பது விதியாக இருக்கட்டும். சேமலாப நிதி இலக்கம், பெயர், இயந்திரம், காணொளியின் பதிப்பு, மொழி, பயிற்சி நடந்த நாளும் ஷிஃப்டும், கேள்விகளுக்குச் சொன்ன விடை, தம் கையால் செய்து காட்டியதைப் பார்த்தவரின் பெயரும் பதவியும் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். “செய்து காட்டினார்” என்பதற்கு எதிரே “இன்னும் இல்லை” என்ற தெரிவும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லா வரியிலும் “ஆம்” மட்டுமே உள்ள பதிவேட்டை நான் நம்புவதில்லை. “இன்னும் இல்லை” என்று நேர்மையாகக் குறித்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்த வரிகள் உள்ள பதிவேட்டையே நம்புகிறேன்.

நாள் விடயத்தில் நமது தொழிலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நண்பகலிலும் மாலையிலும் வரும் கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வரை வாட வேண்டியிருப்பதால், உருட்டும் வேலை நள்ளிரவிலோ விடியலிலோ தொடங்குவது வழக்கம். இரவு ஷிஃப்டில் 12 மணிக்குப் பின்னர் நடக்கும் பயிற்சி செக்ரோலில் ஒரு நாளாகவும் கணினியில் மறுநாளாகவும் விழும். எனவே ஷிஃப்ட் தொடங்கிய நாளைக் கையால் தெரிவு செய்யும் ஒரு கேள்வியை வைத்து, கணினி தானாக இடும் நேரமுத்திரையைத் தனி நிரலில் விட்டுவிடுங்கள். விரிதாளின் அமைப்புக்குள் சென்று நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுவதும், மாதத்தை எண்ணால் அன்றிப் பெயரால் காட்டச் செய்வதும் அவசியம். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற வாக்குவாதம் அதன் பிறகு எழாது.

இனி இணைப்பு. பள்ளத்தாக்கில் இருக்கும் ஸ்டோரில், அதுவும் மழை நாட்களில், அலைவரிசை கிடைக்காமல் போவது நமக்குப் புதிதல்ல. கூகுள் படிவம் இணைப்பு இல்லாதபோது பதிவை அனுப்பாது, நிரப்பியதும் தொலைந்துபோகக்கூடும். இணைப்பின்றிச் சேமித்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பும் கோபோ கலெக்ட் போன்ற செயலியைப் பயன்படுத்தலாம். அதுவும் கைகூடாவிட்டால், படிவத்தின் அதே கேள்விகளை அதே வரிசையில் அச்சிட்ட தாளில் நிரப்பி, ஷிஃப்ட் முடிவதற்குள் அலுவலகத்தில் பதிந்து, தாளைப் படம் எடுத்து அந்த வரியுடன் இணைத்து வைக்கலாம். தாளில் எழுதியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து பதிவதுதான் ஆபத்தானது.

மீள்பயிற்சிக்கு, கடைசிப் பயிற்சி நாளுடன் 12 மாதங்களைக் கூட்டும் சூத்திரத்தை ஒரு நிரலில் போட்டு, நாள் நெருங்கினால் மஞ்சளாகவும் கடந்தால் சிவப்பாகவும் மாறச் செய்யுங்கள். இயந்திரம் மாறினாலும், ஆள் வேறு வேலைக்கு மாற்றப்பட்டாலும், விபத்தோ மயிரிழையில் தப்பிய நிகழ்வோ நடந்தாலும் ஆண்டு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. பெரட்டில் (வேலைக்கு ஆட்கள் கூடும் இடத்தில்) வேலை பிரித்துக் கொடுப்பவர் அந்தத் தாளைத் தம் தொலைபேசியில் பார்க்கக்கூடியவராக இருந்தால், சிவப்புக் கட்டத்தில் உள்ள ஒருவரை அந்த இயந்திரத்துக்கு அனுப்ப மாட்டார். இந்த முறையால் கிடைக்கும் பெரிய பலன் இதுவே என்று கருதுகிறேன்.

தேயிலை மலையில் வேலை செய்பவர்களுக்கும் இதே படிவத்தை நீட்டிக்கலாம். குளவிக் கூடு இருக்கும் மரங்களைக் குறித்து வைப்பது, குளவிக் கொட்டுக்கு ஆளானவரை எந்தப் பாதையால் இறக்குவது, மருந்து அடிக்கும்போது அணிய வேண்டியவை ஆகியவை அங்கே பாடங்களாகும்.

விபத்துக்குப் பிறகு பதிவேட்டைத் தொடாதீர்கள்

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, உயிரிழப்பை ஏற்படுத்தும் விபத்தும், ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் தம் வேலையைச் செய்து முழுச் சம்பளம் பெற முடியாதவாறு காயப்படுத்தும் விபத்தும், தொழில் திணைக்களத்தின் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்துமூலம் அறிவிக்கப்பட வேண்டும். காயமடைந்தவரின் நட்டஈட்டுக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் உங்கள் பயிற்சிப் பதிவைக் கேட்கக்கூடும். அப்போதுதான் விடுபட்ட வரிகளை நிரப்பிவிடும் ஆசை எழும். அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும். பின்னாளில் இட்ட வரியைக் கூகுள் விரிதாளின் பதிப்பு வரலாறு காட்டிக்கொடுக்கும் என்பதைவிட, காயப்பட்டவர் மீதே பழியைத் தள்ள அந்தப் பொய் வரி பயன்படும் என்பதே எனக்குப் பெரிய காரணம். பிழை திருத்தம் தேவைப்பட்டால், பழைய வரியை அழிக்காமல், “திருத்தம்” என்று புதிய வரி சேர்த்து, திருத்தியவரின் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள். படிவம் நிரப்பும் மூலத்தாளைத் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு முறை முழுத் தாளையும் அச்சிட்டு, முகாமையாளரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் கையொப்பமிட்டுக் கோப்பில் வைத்தால், கணக்கின் கடவுச்சொல்லுடன் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் பதிவு போகாது.

அடையாள அட்டை இலக்கம், மருத்துவக் குறிப்பு, காயத்தின் படம் ஆகியவற்றை வட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவல்களைக் கையாள்பவருக்கான கடமைகளை வகுத்திருக்கிறது. பயிற்சிக்குத் தேவைப்படாத தகவலைப் படிவத்தில் கேட்காமல் விடுவது எளிய காப்பு.

கடைசியாக, ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் அவருடைய வரிகளை மட்டும் பிரித்தெடுத்துத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முதல் முறை நாங்கள் அவ்வாறு செய்தபோது, சலிக்கும் அறையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தாளைக் கேட்டுவிட்டு, “ட்ரையர் எனக்குக் காட்டவே இல்லையே தம்பி, அன்றைக்கு நான் டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன்” என்றார். செக்ரோலைப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. அந்த வரிக்குக் கீழே திருத்தம் எழுதி, மறுநாள் காலையில் அவரை ட்ரையருக்கு அழைத்துச் சென்றோம்.