ட்ரைபாட்டில் கேமரா, லென்ஸில் ஐஎஸ்: எப்போது அணைப்பது, எப்போது விடுவது?

லேடீஸ் சீட்டில் பொழுது சாய்ந்து, கீழே சேலம் விளக்கு விளக்காக ஏற்றிக்கொண்டு வரும் அந்த இருபது நிமிடம்தான் ஏற்காட்டில் ட்ரைபாட்டுக்கு அதிக வேலை. ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 15 வினாடி. கேமரா திரையில் படம் பளிச்சென்று இருக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கினால் ஒவ்வொரு விளக்கும் புள்ளியாக இல்லாமல் எள்ளு மாதிரி நீண்டிருக்கும். பழி முழுக்க ட்ரைபாட்மேல் விழும். பல நேரம் காரணம், கை நடுக்கத்தைச் சரிக்கட்ட லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைக்காமல் விட்டது.

கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர், சோனியில் ஓஎஸ்எஸ், டாம்ரானில் விசி, சிக்மாவில் ஓஎஸ். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. லென்ஸுக்குள் இருக்கும் கைரோ சென்சார் எவ்வளவு வேகத்தில் லென்ஸ் திரும்புகிறது என்று அளக்கும். அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு கண்ணாடித் தொகுதி நகரும். கையில் பிடித்து 1/30 வினாடியில் எடுக்கும்போது இது வரம். ட்ரைபாட்டில் அசைவே இல்லை. ஆனாலும் சென்சாரிலிருந்து மிகச் சிறிய பொய்த் தகவல் வந்துகொண்டே இருக்கும். அதை நிஜ அசைவென்று நம்பிக் கண்ணாடியும் மெல்ல ஊர்ந்து போகும்.

அந்த ஊர்தல் எவ்வளவு இருந்தால் படம் கெடும்? 200 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரியை ஆயிரமாக வெட்டினால் கிடைக்கும் ஒரு துண்டுதான் ஏறக்குறைய ஒரு பிக்சல். வினாடிக்கு அவ்வளவு நகர்ந்தாலே 15 வினாடியில் பத்துப் பிக்சலுக்கு மேல் போய்விடும். 1/500 வினாடியில் இதே தவறு கண்ணில் படவே படாது. அதனால்தான் பகலில் ஐஎஸ்ஸை அணைக்காமல் எடுத்தவர்கள் "ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள்.

1. ட்ரைபாட்டை முதலில் சரியாக நிறுத்துங்கள்

கால்களில் தடிமனான பகுதியை முதலில் இழுங்கள்; மெலிந்த கடைசிப் பகுதி கட்டாயம் என்றால் மட்டும். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும். கேமராப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் படபடத்து அதுவே கேமராவை ஆட்டும். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அதன் அடிப்பாகம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊஞ்சல்தான். வேடிக்கை பார்க்க வருபவர்கள் கம்பித் தடுப்பில் சாய்வார்கள், அதனால் ட்ரைபாட் காலை அதன்மேல் சாய்த்து வைக்காதீர்கள்.

2. ஐஎஸ்ஸை அணையுங்கள். நிஜமாகவே அணைந்ததா என்று பாருங்கள்

ஆரம்பக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது.

லென்ஸில் சுவிட்ச் இருந்தால் எளிது. சுவிட்சே இல்லாத லென்ஸ்கள்தான் சிக்கல். நிக்கான் ஏஎஃப்-பி 18-55 விஆரில் சுவிட்ச் கிடையாது, கேமரா மெனுவில் 'ஆப்டிகல் விஆர்' என்ற வரியில் போய் அணைக்க வேண்டும். சில பழைய பாடிகளில் அந்த வரியே வராது, விஆர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் நீண்ட எக்ஸ்போஷருக்கு விஆர் இல்லாத 35 அல்லது 50 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். சோனி 16-50 பவர் ஜூமிலும் மெனுவில்தான், 'ஸ்டெடிஷாட்' என்று தேடுங்கள்.

மிரர்லெஸ் பாடியில் சென்சாரே ஆடும் ஐபிஐஎஸ் இருந்தால் கூடுதலாக ஒரு சோதனை. சில கேமராக்களில் லென்ஸ் சுவிட்சை அணைத்தால் இரண்டும் அணையும். சிலவற்றில் பாடியில் இருப்பது தனியாக ஓடும்.

எதையும் நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். லைவ் வியூவில் ஒரு தெருவிளக்கை 10 மடங்கு பெரிதாக்கி, ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். ஐஎஸ் ஓடினால் லென்ஸுக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், விளக்கு ஒரு குதி குதித்து நிற்கும், அப்புறம் எறும்பு போல ஒரு பக்கம் நகர ஆரம்பிக்கும். காதைக் கிட்டே வைத்தால் கொசு ரீங்காரம் மாதிரிக் கேட்கும். அணைந்திருந்தால் எல்லாம் கம்மென்று இருக்கும்.

3. விரலைக் கேமராவிலிருந்து எடுங்கள்

கம்பியில் மாட்டிய ஷட்டர் பட்டன், அதாவது கேபிள் ரிலீஸுக்குத்தான் என் ஓட்டு. போன் ஆப் பேட்டரியைத் தின்னும், பனி மூடும் நேரத்தில் பார்த்து இணைப்பும் அறும். ரிலீஸ் இல்லையென்றால் டைமர். 200 மி.மீ.க்கு மேல் 2 வினாடி டைமர் போதாது, பட்டனைத் தொட்ட ஆட்டம் அடங்க 10 வினாடி வையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் மிர்ரர் லாக்-அப், அதாவது உள்ளே இருக்கும் மிர்ரரை முன்கூட்டியே தூக்கி நிறுத்துவது. 1/60 முதல் 1/4 வினாடி வரை மிர்ரர் அடிக்கும் அதிர்வு நன்றாகவே தெரியும்.

ட்ரைபாட் இருந்தும் அணைக்கக் கூடாத இடங்கள்

கேமரா உண்மையிலேயே அசையாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ட்ரைபாட் இருக்கிறதா என்பது அப்புறம். சேர்வராயன் கோயில் உச்சி திறந்த வெளி. அங்கே காற்று வீசும்போது 300 மி.மீ. லென்ஸ் ட்ரைபாட்டோடு சேர்ந்து நடுங்கும். ஷட்டர் 1/100, 1/200 என்றால் ஐஎஸ் போட்டு எடுப்பதே நல்லது, லென்ஸ் புதியதாக இருந்தால். புதியவை பலவும் ட்ரைபாட்டில் இருப்பதைத் தாமே கண்டுகொள்ளும். பழசு அப்படியில்லை. எஸ்எல்ஆர் லென்ஸ்களில் முதல் ஐஎஸ்ஸாகக் கேனான் 1995-இல் கொண்டுவந்த 75-300, அதன் பின் 1998-இல் வந்த 28-135 இரண்டுக்கும் அந்த அறிவு கிடையாது. செகண்ட்ஹேண்டில் வாங்கியிருந்தால் ட்ரைபாட்டில் கட்டாயம் அணைக்க வேண்டும்.

ட்ரைபாட்டின் தலையான பால் ஹெட்டைத் தளர்த்திவிட்டு ஏரியில் போகும் படகைப் பின்தொடர்கிறீர்களா? ஐஎஸ் போடுங்கள், கேனானில் மோட் 2 (கேமராவைத் திருப்பும் திசை அசைவை அது திருத்தாது). மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ட்ரைபாட் விரித்தால் திட்டுதான் மிஞ்சும். ஒற்றைக்கால் மோனோபாட் எடுத்துப் போங்கள், அதில் ஐஎஸ் எப்போதும் ஓடட்டும்.

கிளியூர் அருவியில் தண்ணீர் பட்டுப் போல விழ 1/2 முதல் 1 வினாடி, ட்ரைபாட், ஐஎஸ் அணைப்பு. பாறை வழுக்கி ட்ரைபாட் நிற்காது என்றால் 18 மி.மீ.யில் ஐஎஸ் போட்டு, கையில் 1/4 வினாடியில் நாலைந்து எடுங்கள். ஒன்றாவது தேறும்.

காபித் தோட்டத்தில் பூவை மேக்ரோ எடுப்பவர்களுக்கு: காற்றில் ஆடுவது பூ, கேமரா இல்லை. ஐஎஸ் போட்டாலும் அணைத்தாலும் அதற்கு மருந்தில்லை, ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும்.

வீடியோவில் ட்ரைபாட் வைத்து மெல்லத் திருப்பும்போது ஐஎஸ் ஓடினால் தொடக்கத்தில் காட்சி ஒட்டிக்கொண்டு நிற்கும், முடிவில் ஒரு துள்ளு துள்ளும். அணைத்துவிட்டால் இரண்டும் போய்விடும்.

மறதிக்கு மருந்து

அணைத்ததை மறந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வழியில் கையில் பிடித்து எடுக்கும் படமெல்லாம் கலங்கிப் போவது அடுத்த வகை நஷ்டம். ட்ரைபாட் தகட்டை மாட்டும் கையாலேயே சுவிட்சை அணையுங்கள், கழற்றும் கையாலேயே போடுங்கள். பைக்குள் உரசியும் சுவிட்ச் தானாக நகரும், எடுத்தவுடன் ஒரு பார்வை.

ஐஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராவை அணைத்தாலோ லென்ஸைக் கழற்றினாலோ உள்ளே கண்ணாடித் தொகுதி பூட்டப்படாமல் நிற்கும். அப்புறம் லென்ஸைத் தூக்கினால் 'கடகட' என்று சத்தம் கேட்கும். உடைந்துவிட்டதென்று சர்வீஸுக்கு ஓடாதீர்கள். திரும்ப மாட்டி, கேமராவைப் போட்டு, ஷட்டரைப் பாதி அழுத்தி விட்டு, இரண்டு மூன்று வினாடி கழித்து அணையுங்கள். பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும்.