வாக்குத்தத்த வசனம் வந்ததா? முன்னும் பின்னும் படியுங்கள்

புத்தாண்டு ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டையை (அந்த வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்டது) பிரிட்ஜில் ஒட்டுவதற்கு முன்னால், அந்த வசனத்துக்கு முன்னே பத்து வசனமும் பின்னே பத்து வசனமும் வாசித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர் 1551இல்தான் போட்டார். எழுதியவர்கள் துண்டு துண்டாக எழுதவில்லை. அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11ஐயே பாருங்கள். தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று படித்ததும் இந்த வருஷமே வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் கைகூடும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எழுதிய கடிதம். ஒரு வசனம் மேலே, 10இல், ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்றிருக்கிறது. 5ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. 7ஆம் வசனம் அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணச் சொல்கிறது. பிடிக்காத ஊருக்கு டிரான்ஸ்பர் ஆகி, நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இன்றைக்கே செய்ய வேலை கிடைத்துவிடும்!

நீதிமொழிகள் 10ஆம் அதிகாரத்திலிருந்து இப்படி முன்னும் பின்னும் படிப்பது அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு வசனமும் தனித்தனிப் பழமொழி. ஆனால் 26:4ஐ மட்டும் 5ஐ விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது ஒன்று, சொல் என்கிறது அடுத்தது.