எதிரே யார் நின்றார்கள்? ஐஸ் ஹாக்கியில் லைன் மேட்ச்அப்பைப் படிப்பது எப்படி

2020-21 சீசனில் டொராண்டோவின் ஆஸ்டன் மாத்யூஸ் 52 ஆட்டங்களில் 41 கோல் அடித்தார், வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லிலேயே அதிகம். அதே வருடம் பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் தொடர்கள்) முதல் சுற்றில் மான்ட்ரியலுக்கு எதிராக 7 ஆட்டம் ஆடி அடித்தது ஒரே ஒரு கோல். 3-1 என்று முன்னிலையில் இருந்த டொராண்டோ அந்தத் தொடரை 4-3 என்று கோட்டைவிட்டது. பெரிய ஆட்டம் வந்தால் ஆள் காணாமல் போய்விடுகிறார் என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அந்த 7 ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இன்னொரு பெயர் ஞாபகம் இருக்கும்: ஃபிலிப் டனோ. மாத்யூஸ் ஐஸில் இருந்த நேரத்தில் பெரும்பகுதி அவருக்கு எதிரே நின்றது மான்ட்ரியலின் இந்த சென்டர்தான் (நடு ஃபார்வர்டு), பக்கத்தில் பிரெண்டன் கேலகர்.

ஒருவர் என்ன செய்தார் என்று கேட்கும் முன், யாருக்கு எதிராக, யாரோடு சேர்ந்து, ரிங்க்கின் எந்த மூலையிலிருந்து, ஸ்கோர் என்னவாக இருந்தபோது செய்தார் என்று கேட்க வேண்டும். இந்த நாலையும் கேட்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். நான் இதை எப்படிச் செய்கிறேன் என்று முழுசாகச் சொல்கிறேன், ஒரு பேப்பரும் பேனாவும் இருந்தால் போதும்.

புதிதாக வருபவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அணி ஆட்டத்துக்குக் களமிறக்குவது 12 ஃபார்வர்டு, 6 டிஃபென்ஸ், 2 கோல்கீப்பர். ஃபார்வர்டுகள் மூன்று மூன்று பேராக 4 லைன், டிஃபென்ஸ் இரண்டு இரண்டு பேராக 3 ஜோடி. ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு முறை ஐஸில் இறங்கி ஆடும் நேரம், முக்கால் நிமிடம் போல, அதற்கு மேல் கால் எரிய ஆரம்பித்துவிடும், அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சுக்குப் பாய்ந்து ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். விசில் ஊதி ஆட்டம் நின்றால் மட்டும் ஒரு ஒழுங்கு உண்டு: வெளியூர் அணி முதலில் ஆட்களை இறக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் அணி தன் ஆட்களை இறக்கலாம். இதைத்தான் லாஸ்ட் சேஞ்ச் என்கிறார்கள். மேட்ச்அப், அதாவது யாருக்கு எதிராக யாரை இறக்குவது என்பது பற்றிய மொத்தப் பேச்சும் இந்த ஒரு விதியிலிருந்துதான் முளைக்கிறது.

ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிகளின் லைன்களையும் பேப்பரில் எழுதிவிடுங்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. சென்டர் பெயரை மட்டும் வைத்துக்கூட ஆரம்பிக்கலாம், ஒரு லைனுக்கு அவர்தான் அடையாளம். டிஃபென்ஸ் ஜோடிகளைக் கட்டாயம் எழுதுங்கள். ஃபார்வர்டு லைன் மோதலைப் பற்றித்தான் வர்ணனையாளர்கள் பேசுவார்கள், ஆனால் பல கோச்சுகள் உண்மையில் கவனமாகப் பொருத்துவது டிஃபென்ஸ் ஜோடியைத்தான், ஏனென்றால் மூன்றே ஜோடி இருப்பதால் ஒரு நல்ல ஜோடி ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஐஸில் இருக்கும், நடுவில் எதிரணி லைன் மாறினாலும் இவர்கள் இன்னும் கொஞ்சம் நின்று அடுத்த ஆளையும் சந்திக்கலாம்.

ஆட்டம் ஆரம்பித்ததும் பக் (ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்று துரத்தாதீர்கள். முதல் பத்து நிமிடத்துக்கு ஃபேஸ்ஆஃப்களை (நடுவர் இரண்டு பேருக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) மட்டும் பாருங்கள். ஒவ்வொரு விசிலுக்கும் வெளியூர் அணி யாரை அனுப்பியது, அதற்குப் பதிலாக உள்ளூர் கோச் யாரை அனுப்பினார், ஃபேஸ்ஆஃப் எந்தப் பக்கம் நடந்தது என்று மூன்றே குறிப்பு. ஐந்தாறு முறை எழுதியதுமே உள்ளூர் கோச்சின் மனசு தெரிந்துவிடும். எதிரணியின் நட்சத்திரம் வந்ததும் அதே சென்டரும் அதே ஜோடியும் எழுந்து வந்தால் அவர் கணக்குப் போட்டு வந்திருக்கிறார். யார் வந்தாலும் தன் 1, 2, 3, 4 வரிசையை அப்படியே உருட்டினால், தன் லைன்களின் வேகத்தையும் மூச்சையும் கெடுத்துக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. இரண்டுமே சரியான வழிதான். மேட்ச்அப்பைத் துரத்துகிற கோச்சின் நாலாவது லைன் பெஞ்சிலேயே உறைந்துபோகும்.

ஐசிங் (தங்கள் பாதியிலிருந்தே பக்கை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிடுவது) நடந்தால் கூடுதலாகக் கவனியுங்கள். ஐசிங் செய்த அணி ஆள் மாற்ற முடியாது, களைத்துப்போன அதே ஐந்து பேர் தங்கள் பகுதியிலேயே ஃபேஸ்ஆஃபுக்கு நிற்க வேண்டும். எதிரணி அப்போது தன் சிறந்த லைனைப் புதிதாக இறக்கும். வெளியூர் கோச்சுக்கும் நினைத்த மேட்ச்அப் தானாகக் கையில் வந்து விழும் தருணம் இது. இரண்டாவது பீரியடும் அப்படித்தான். அணிகள் பக்கம் மாறுவதால் தங்கள் கோல் பக்கத்திலிருந்து பெஞ்ச் தூரமாகிவிடும், டிஃபென்ஸ் ஜோடி மாற்ற முடியாமல் ஒன்றரை நிமிடம் கூடச் சிக்கிக்கொள்ளலாம். முதல் பீரியடில் அழகாகப் போட்ட மேட்ச்அப் இரண்டாவதில் சிதறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆட்டம் முடிந்த பிறகு எண்களுக்கு வரலாம். நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் என்ற தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் யாரோடு, யாருக்கு எதிராக எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று கிடைக்கும், மணிபக் தளத்தில் லைன் வாரியான கணக்கு இருக்கும். எதை எடுத்தாலும் ஐந்துக்கு ஐந்து நேரத்தை மட்டும் தனியே பிரித்துக்கொள்ளுங்கள். பவர் பிளே (தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறைந்த நேரம்), பெனால்டி கில் (நமக்கு ஆள் குறைந்த நேரம்), கோல்கீப்பரை வெளியே எடுத்த நேரம் எல்லாம் வேறு ஆட்டங்கள், அதை இதோடு கலந்தால் குழம்புதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எத்தனை நிமிடம் எதிரெதிரே நின்றார்கள் என்பது மட்டும் எதையும் சொல்லாது, தற்செயலாகவே எவ்வளவு வந்திருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு ஆட்டத்தில் ஐந்துக்கு ஐந்து நேரம் மொத்தம் 48 நிமிடம், நம் நட்சத்திரம் அதில் 15 நிமிடம் ஆடினார், எதிரணி சென்டர் 16 நிமிடம் ஆடினார் என்று வையுங்கள். அந்த சென்டர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஐஸில் இருந்திருக்கிறார், அப்படியானால் யாரும் எதையும் திட்டமிடாவிட்டாலும் நட்சத்திரத்தின் 15 நிமிடத்தில் சுமார் 5 நிமிடம் அவர் எதிரே இருந்திருப்பார். நிஜத்தில் 10 நிமிடம் என்றால் அது இரட்டிப்பு, யாரோ வேண்டுமென்றே செய்தது. 6 நிமிடம் என்றால் அதை மேட்ச்அப் என்று சொல்லாதீர்கள், சும்மா நடந்தது. எனக்குத் தெரிந்து இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் பாதிக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன.

அந்த இரட்டிப்பை யார் விரும்பினார்கள்? இதற்கு உள்ளூர் ஆட்டங்களையும் வெளியூர் ஆட்டங்களையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கோச் தன் ஊரில் ஆடும்போது அந்த மோதல் கூடி, வெளியூரில் குறைந்தால், விரும்பியவர் அவர். இரண்டு ஊரிலும் கூடவே இருந்தால் இரண்டு பேருமே அதற்குச் சம்மதம், பலத்துக்குப் பலம் மோதட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பிளேஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை போவதால் இது கண்ணாடி மாதிரி தெரியும்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 2011 ஸ்டான்லி கப் (என்.எச்.எல். கோப்பை) ஃபைனல், வான்கூவருக்கும் பாஸ்டனுக்கும் நடந்தது. அந்த சீசனில் வான்கூவர் கோச் அலேன் வினியோ ஆட்களைப் பயன்படுத்திய விதமே ஒரு பாடம். தன் பகுதியில் ஃபேஸ்ஆஃப் என்றால் மேனி மல்ஹோத்ரா, எதிரணிப் பகுதியில் என்றால் செடின் சகோதரர்கள், இந்த அளவுக்குக் கறாராக அப்போது வேறு யாரும் பிரித்ததாக எனக்கு நினைவில்லை. டேனியல் செடின் அந்த வருடம் 104 பாயின்ட் (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்து லீகில் முதலிடம் பிடித்தார். மல்ஹோத்ராவின் ஷாட் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் இருக்கும்போது அணி அடி வாங்குவது போலத் தெரியும், ஆனால் செடின்களுக்கு அந்த நல்ல இடங்கள் மிச்சமானதே அவர் கஷ்டமான இடங்களைச் சுமந்ததால்தான். ஃபைனலில் பாஸ்டன் கோச் க்ளோட் ஜூலியன், ஸ்டெனோ சாராவையும் டென்னிஸ் சைடன்பெர்கையும் ஒரே ஜோடியாக செடின்களுக்கு எதிரே விட்டார், முன்னால் பத்ரீஸ் பெர்ஜரோன் லைன். வான்கூவர் தன் ஊரில் 1-0, 3-2, 1-0 என்று மூன்று ஆட்டத்தை இழுத்துப் பிடித்து வென்றது. பாஸ்டனில் 8-1, 4-0, 5-2 என்று நொறுங்கியது. ஹென்ரிக் செடின் ஏழு ஆட்டத்திலும் சேர்த்து எடுத்தது ஒரே ஒரு பாயின்ட்.

பார்த்தீர்களா, லாஸ்ட் சேஞ்ச் எவ்வளவு வேலை செய்கிறது என்று முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் ஏழாவது ஆட்டம் வான்கூவரில் நடந்தது, லாஸ்ட் சேஞ்ச் வினியோ கையில் இருந்தது, அப்படியும் 4-0 என்று பாஸ்டன் ஜெயித்தது. பின்னால் டிம் தாமஸ் என்ற கோல்கீப்பர் அந்த பிளேஆஃப் முழுக்கச் சுவராக நின்றார், சிறந்த வீரர் விருதான கான் ஸ்மைத்தும் அவருக்குத்தான் போனது. 2021-லும் மான்ட்ரியலின் நாலு வெற்றிகளில் மூன்று டொராண்டோவில் வந்தவை. அதனால் மேட்ச்அப்பை வைத்து ஒரு தொடரை முழுக்க விளக்கிவிட முடியும் என்று நம்பாதீர்கள். அது ஒரு சாய்வு, அவ்வளவுதான், தரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பந்தயம் இன்னும் ஓடித்தான் ஆக வேண்டும்.

ஃபேஸ்ஆஃப் இடத்தைச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. ஸோன் ஸ்டார்ட் சதவீதம் என்று ஒரு எண் எங்கும் சுற்றுகிறது, ஒரு வீரர் எதிரணிப் பகுதியில் எவ்வளவு தொடங்கினார், தன் பகுதியில் எவ்வளவு என்று சொல்வது. ஒரு வீரரின் ஷிஃப்ட்களில் பாதிக்கு மேல் ஃபேஸ்ஆஃபில் தொடங்குவதே இல்லை, ஓடும் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து குதிக்கிறார்கள். நடு ஐஸ் ஃபேஸ்ஆஃபும் அந்தக் கணக்கில் வராது. ஆக 70 சதவீதம் எதிரணிப் பகுதியில் தொடங்கினார் என்று படித்தால், எத்தனை ஷிஃப்டில் எத்தனை என்று எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள், பல நேரம் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று ஃபேஸ்ஆஃப் வித்தியாசம்தான் இருக்கும். கோச் அவரை எங்கே நம்புகிறார் என்பதை அந்த எண் நன்றாகவே காட்டும், ஆனால் அவருடைய ஷாட் கணக்கைத் திருத்த அதைத் தாராளமாகப் பயன்படுத்தாதீர்கள்.

மோதலில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்க கோல்களை எண்ணுவதில் பிரயோஜனமில்லை. ஐந்துக்கு ஐந்தில் ஒரு அணி 60 நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை கோல் அடிக்கும், அப்படியென்றால் 10 நிமிட மோதலில் எதிர்பார்ப்பது அரை கோலுக்கும் கீழே. ஒரு பக் யாருடைய ஸ்கேட்டிலோ பட்டு உள்ளே போனால் தீர்ப்பே மாறிவிடும். கோர்ஸி என்று சொல்லப்படும் ஷாட் முயற்சிக் கணக்கு இதற்கு நல்லது, கோலுக்குப் போனது, வெளியே போனது, தடுக்கப்பட்டது எல்லாம் அதில் சேரும், 10 நிமிடத்தில் ஒரு அணிக்குச் சுமார் பத்து முயற்சி தேறும். அதோடு எதிர்பார்ப்பு கோல் கணக்கையும், அதாவது எந்த இடத்திலிருந்து எப்படிப்பட்ட ஷாட் என்று எடை போடுவதையும், பக்கத்தில் வையுங்கள். ஷாட் எண்ணிக்கை கூடி, எடை குறைந்திருந்தால், தடுக்கும் லைன் ஓரத்திலேயே நிறுத்தி வைத்து வேலையை முடித்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்கோரையும் மறக்காதீர்கள். இரண்டு கோல் முன்னால் இருக்கும் அணி பின்வாங்கிக்கொள்ளும், ஷாட் எல்லாம் எதிரணியிடமிருந்து வரும், அதை வைத்து அந்த லைன் மோசம் என்று எழுதினால் தப்பு.

இன்னொன்று, இதைப் பலர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ஒரு முழு சீசனில் எதிராளிகளின் தரம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், ஏனென்றால் பாதி ஆட்டம் வெளியூரில், எதிரணிகளும் தினம் மாறுகின்றன. மாறாமல் கூடவே இருப்பது சக வீரர்கள். அதனால் சீசன் எண்களைப் படிக்கும்போது யாரோடு ஆடினார் என்பது யாருக்கு எதிராக ஆடினார் என்பதைவிடப் பெரியது. அந்த வீரர் ஒரு கூட்டாளியோடு இருந்த நிமிடங்களையும், அவர் இல்லாத நிமிடங்களையும் பிரித்துப் பாருங்கள், யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்று தெரியும். எதிராளி பெரிதாகும் இடம் ஒற்றை ஆட்டமும் பிளேஆஃப் தொடரும்தான்.

மேட்ச்அப்பிலிருந்து தப்பிக்கும் வழிகளையும் எழுதி வையுங்கள், வெளியூர் கோச்சை எடை போட இதுதான் இடம். ஃபேஸ்ஆஃப் முடிந்து பத்து நொடியில் நட்சத்திரத்தை வெளியே இழுத்து, அடுத்த ஷிஃப்டில் ஓடும் ஆட்டத்தில் வேறு லைனுக்கு எதிராக நுழைப்பார்கள். இரண்டு லைனிலும் அவரை ஆட வைப்பார்கள். எல்லாவற்றையும்விட நல்ல வழி, ஆபத்தைப் பரப்பி வைப்பது. 2016-ல் பிட்ஸ்பர்க் கப் ஜெயித்தபோது ஒரு லைனில் க்ராஸ்பி, இன்னொன்றில் மல்கின், மூன்றாவதில் ஹாக்லின், பொனினோ, கெஸல். எதிரணியிடம் ஒரு நல்ல தடுப்பு ஜோடி இருக்கலாம், இரண்டு கூட இருக்கலாம், மூன்று எங்கே இருக்கிறது?

பயிற்சிக்கு 2024 ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள், ஃப்ளோரிடாவும் எட்மன்டனும் ஆடியது. கானர் மெக்டேவிட்டுக்கு எதிரே அலெக்ஸாண்டர் பார்கோவ், பின்னால் ஃபோர்ஸ்லிங், எக்பிளாட் ஜோடி. நாலாவது, ஐந்தாவது ஆட்டங்களில் மெக்டேவிட் தலா 4 பாயின்ட் எடுத்தார், அதில் ஐந்தாவது ஃப்ளோரிடாவின் சொந்த ஊரில் நடந்தது. ஆறிலும் ஏழிலும் ஒரு பாயின்ட்கூட இல்லை, ஏழாவதை 2-1 என்று ஃப்ளோரிடா ஜெயித்தது, தோற்ற அணியில் இருந்தும் கான் ஸ்மைத் மெக்டேவிட்டுக்குக் கிடைத்தது. அந்த எட்டு பாயின்ட்டில் எத்தனை ஐந்துக்கு ஐந்தில் வந்தவை, அப்போது எதிரே நின்றவர்கள் யார், கடைசி இரண்டு ஆட்டத்தில் பார்கோவோடு மோதிய நிமிடங்கள் கூடினவா என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஏழாவது ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் ஷிஃப்ட் சார்ட்டை (யார் எப்போது ஐஸில் இருந்தார்கள் என்று காட்டும் படம்) திறந்து, ஒரு கோல் முன்னிலையைக் காக்க ஃப்ளோரிடா யார் யாரை இறக்கியது, யாரைப் பெஞ்சில் உட்கார வைத்தது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.