குளுக்கோஸ் குடித்தபின் குடல் ஹார்மோன் அளக்க

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரைப்பை பைபாஸ் அறுவை (வயிற்றைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது) செய்தவர்களுக்கு, சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை அளக்கும் நாளில் என் கவலையெல்லாம் ஐஸ் பெட்டிதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர் வழியில் காபி குடித்துவிட்டால் சோதனை போச்சு. முந்தின நாளே போன் போட்டு, “அண்ணாச்சி, ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணி மட்டும்தான்” என்று சொல்லிவிடுங்கள்.

வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகி வைக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய்) போட்டு வெறும் வயிற்றில் முதல் ரத்தம் எடுங்கள். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கக் கொடுங்கள். சில மருத்துவர்கள் 50 கிராம் எழுதுவார்கள், சீட்டைப் பாருங்கள். முதல் வாய் குடித்ததுமே நேரத்தைக் குறியுங்கள். 15, 30, 45, 60, 90, 120 நிமிடங்களில் ரத்தம் எடுக்க வேண்டும். 15, 30 இரண்டையும் தவறவே விடாதீர்கள். இந்த அறுவைக்குப் பிறகு குளுக்கோஸ் சட்டென்று சிறுகுடலில் இறங்குவதால் ஜிஎல்பி-1 உச்சம் பெரும்பாலும் அங்கேதான்.

ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். எனவே ஈடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து உள்ள குழாய்) டிபிபி-4 தடுப்பானை, அதாவது ஜிஎல்பி-1-ஐச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தை, முன்பே விட்டு, ஐஸில் புதைத்து வையுங்கள். ரத்தம் விழுந்ததும் எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, திரும்பவும் ஐஸுக்குள். 4 டிகிரி குளிரில் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, மேலே பிரியும் பிளாஸ்மா நீரை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு சித்திரை வெயிலில் 30ஆவது நிமிடக் குழாயை மேஜையிலேயே வைத்துவிட்டேன். அந்த அம்மாவை மறுபடி பட்டினியோடு வரவழைத்தது இன்னும் உறுத்துகிறது.

வியர்வை, படபடப்பு வந்தால் உடனே படுக்க வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் சர்க்கரை சரியலாம். கடைசியாக ஒருமுறை சர்க்கரை பார்த்து, இட்லி சாப்பிட்டபின் பஸ் ஏற்றிவிடுங்கள்.