லின்க்ஸ் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு ஸ்பெயினின் ஆந்தூஹர் மலைகளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையைப் பார்க்கப் புதியவர்கள் வருகிறார்கள். இணைசேரும் காலம் என்பதால் பகலிலும் நடமாட்டம் இருக்கும். பளிச்சென்ற சட்டை, உரத்த பேச்சு இதெல்லாம் யாரும் சொல்லாமலே சரியாகிவிடும். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்து, இப்போது வருகிறவர்களும் அப்படியே செய்யும் சில தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லின்க்ஸின் குரல் பதிவை ஸ்பீக்கரில் போடுவது

லின்க்ஸை வெளியே வரவழைக்க இப்படிப் போடுவதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. தனியாக வாழும் விலங்கு என்றதும், அக்கம்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாத விலங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஓர் ஆண் தன் எல்லைக்குள் இன்னோர் ஆணை விடாது. அதே எல்லைக்குள் ஒன்றிரண்டு பெண்கள் இருக்கும், ஆனாலும் நேரில் சந்திப்பது குறைவு. பாதையோரப் பாறைமேல் போட்டுவைத்த எச்சம், புதரில் பீய்ச்சிய சிறுநீர், இவற்றை மோந்து பார்த்தே யார் வந்தது, பெண் இணைசேரத் தயாரா என்று தெரிந்துகொள்கின்றன. ஆண்கள் நேருக்கு நேர் மோதாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டால்தான். மோதினால் சாவில்கூட முடியலாம்.

அப்படிப்பட்ட இடத்தில் திடீரென்று முன்பின் தெரியாத ஓர் ஆணின் குரல் கேட்டால்? ஹாந்துலா ஆற்றுப் பக்கச் சரிவில் ஒருநாள் காலை, எனக்குப் பக்கத்தில் நின்றவர் அப்படித்தான் போட்டுவிட்டார். முயலைக் குறிவைத்துப் பதுங்கியிருந்த ஆண் எழுந்து வெளியே வந்தது. காதுகள் பின்னால் படிந்துவிட்டன, குட்டை வால் விறைத்து நின்றது. ஒரு புதரில் சிறுநீர் பீய்ச்சியது, கொஞ்சம் நடந்து அடுத்த புதரில் பீய்ச்சியது, திரும்பி வந்து முதல் புதரையே மோந்து பார்த்தது. முயல் எப்போதோ வளைக்குள் போய்விட்டது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு முயலாவது பிடித்தாக வேண்டிய விலங்கு, இல்லாத எதிரியைத் தேடித் தேடியே வெயில் ஏறிவிட்டது. அவருக்குப் படம் நன்றாக வந்தது.

2002-ல் 100-க்கும் குறைவாக இருந்த இந்த லின்க்ஸ், 2023 கணக்கெடுப்பில் 2,000-ஐத் தாண்டிவிட்டது. "எண்ணிக்கைதான் கூடிவிட்டதே, ஒரே ஒருமுறை போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரே ஒருமுறைக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்பது அதே பாறையில், அதே ஆணின் எல்லைக்குள். பாதுகாக்கப்பட்ட விலங்கை வேண்டுமென்றே தொந்தரவு செய்வதை ஸ்பெயின் சட்டமும் தடை செய்கிறது.

இடம் மாறிக்கொண்டே இருப்பது

ஒரே இடத்தில் உட்காருங்கள். சிவப்புக்கால் கவுதாரி பதறிக் கத்தினாலோ, மாக்பை பறவைகள் ஒரு புதரைச் சுற்றிக் கூச்சல் போட்டாலோ அந்தப் பக்கம் பாருங்கள்.

இரண்டைப் பார்த்ததும் ஜோடி என்று முடிவு கட்டுவது

பெரும்பாலும் அது தாயும் குட்டியும்தான். வசந்தத்தில் பிறந்த குட்டி குளிர்காலத்துக்குள் நன்றாக வளர்ந்துவிடும், தாடி மட்டும் குட்டையாக இருக்கும். குட்டி வளர்ப்பதில் ஆணுக்குப் பங்கு இல்லை. இணைசேரும்போதும் ஆணும் பெண்ணும் சில நாட்கள்தான் சேர்ந்து திரியும்.

இரவில் வேகமாக வண்டி ஓட்டுவது

வேண்டவே வேண்டாம். வண்டியில் அடிபட்டுச் சாகிற லின்க்ஸ்கள்தான் அதிகம்.