பூட்டிய வீட்டையும் எண்ணுங்கள்: குமரி ஊர்களில் புலம்பெயர்வுக் கணக்கு எடுக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 16,76,034, 2011இல் 18,70,374. பத்தாண்டு வளர்ச்சி 11.6 சதவீதம். அதே காலத்தில் தமிழ்நாடு 15.6 சதவீதம் வளர்ந்தது. இங்கே ஆயிரம் ஆண்களுக்கு 1019 பெண்கள், மாநில அளவில் 996. இந்த எண்களில் வளைகுடாவுக்குப் போனவர்களின் பங்கு எவ்வளவு என்று சென்சஸ் சொல்லாது. கணக்கெடுப்பு நேரத்தில் வெளிநாட்டில் இருப்பவரை அது எண்ணுவதே இல்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. ஆனால் மாதிரி ஆய்வை வைத்து ஒரு வார்டின் நிலையைச் சொல்ல முடியாது. அங்கன்வாடி, முதியோர் பராமரிப்பு என ஊராட்சியோ தேவாலயத்தின் பங்குப் பேரவையோ எதைத் திட்டமிட்டாலும், ஊர்க் கணக்கை ஊரே எடுத்தால்தான் உண்டு.

எல்லையும் தேதியும்

முழு ஊராட்சியை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். ஒரு வார்டு, கடற்கரை என்றால் இரண்டு மூன்று அன்பியங்கள் (தேவாலயப் பங்குக்குள் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்), சுமார் 100 வீடு போதும். வீட்டு வரிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், பங்கின் குடும்பப் பதிவேடு அல்லது கோயில் தலைக்கட்டு (வரி கொடுக்கும் குடும்பங்கள்) பட்டியல் ஆகியவற்றை ஒப்பிட்டு முதலில் வீட்டுப் பட்டியல் தயாரியுங்கள். எந்தப் பதிவேடும் தனியாக நின்றால் பிழைதான். வாக்காளர் பட்டியலில் போனவர் பெயர் நீங்கியிருக்காது, வந்தவர் பெயர் ஏறியிருக்காது.

தேதியில்தான் பல கணக்குகள் கெடுகின்றன. டிசம்பர் கடைசியில் எடுத்தால் கிறிஸ்துமஸ் விடுப்பில் வந்தவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவார்கள். கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் அடங்கிய மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் கொச்சியில் படகேறும் தூத்தூர் பக்கத்துக்காரர்களும் வீட்டில் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் வளைகுடாப் பள்ளிகளுக்கு விடுமுறை, குடும்பங்கள் ஊருக்கு வரும். ஆகவே பிப்ரவரி நடுப்பகுதிதான் நல்லது. ரப்பர் பகுதியில் அப்போது இலை உதிர்வால் பால்வெட்டு நின்றிருக்கும். அங்கே ‘இப்போது என்ன வேலை’ என்று கேட்காமல், ‘வருஷத்தில் அதிக மாதங்கள் எங்கே, என்ன வேலை’ என்று கேளுங்கள்.

யார் எந்தக் கட்டத்தில்

ஆறு மாதம் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளியே இருப்பவர், அல்லது அவ்வளவு காலம் இருக்கப் போனவர், ‘போனவர்’. அவரை வெளிநாடு, வெளிமாநிலம், வெளிமாவட்டம் என மூன்றாகப் பிரியுங்கள். வெளிநாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்து திரும்பி, இனிப் போவதில்லை என்பவர் ‘திரும்பியவர்’. களியக்காவிளை வழியாகக் காலையில் திருவனந்தபுரம் போய் மாலையில் திரும்பும் கொத்தனார் ஊரில் இருப்பவர்தான். ஓரத்தில் ‘தினசரி’ என்று குறித்தால் போதும். பல நாள் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகில் இருப்பவரும் ஊர்க்காரரே. அவருக்குக் ‘கடலில்’ என்று குறியுங்கள்.

கேட்கும் விதம்

‘வீட்டில் எத்தனை பேர்?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஓமனில் இருக்கும் மகனை ஒரு அம்மா சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் விட்டுச் சொல்வார். இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: ‘நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தீர்கள்?’, அடுத்து ‘இந்த வீட்டு ஆட்களில் வெளியே இருப்பது யார் யார்?’ ஒவ்வொருவருக்கும் வயது, ஆணா பெண்ணா, போன ஆண்டு, நாடு, அங்கே உண்மையில் செய்யும் வேலை இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாவில் எழுதிய வேலையும் செய்யும் வேலையும் பல நேரம் வேறு.

சம்பளத்தைக் கேட்காதீர்கள்; உண்மை வராது, மற்ற பதில்களும் சுருங்கிவிடும். ‘பயணத்துக்கு வாங்கிய கடன் முடிந்துவிட்டதா?’ என்று கேட்டால் அதைவிடக் கூடுதலாகத் தெரியும். பாஸ்போர்ட் எண், விசா நிலை எதையும் எழுத வேண்டாம். கல்லிவல்லியாக, அதாவது முறையான விசா இல்லாமல், அங்கே நிற்பவர் வீட்டில் இந்தக் கேள்வி பயத்தைக் கிளப்பும், தாள் வேறு கைக்குப் போனால் அவருக்கே ஆபத்து. பெயருக்குப் பதில் வீட்டு எண்ணும் வரிசை எண்ணும் போதும். சுயஉதவிக் குழுப் பெண்கள் இருவர் இருவராகப் பிற்பகலில் போனால், ஒரு வீட்டை இருபது நிமிடத்தில் முடிக்கலாம்.

கணக்கு பிசகும் இடங்கள் மூன்று. கணவரோடு துபாய்க்குப் போன மகளைப் பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள். கடைசியாக எந்த வீட்டிலிருந்து கிளம்பினாரோ அங்கே மட்டும் எழுதுங்கள். அடுத்தது, குடும்பத்தோடு போய்விட்ட பூட்டிய வீடு. பதில் சொல்ல ஆளில்லை என்று தாண்டிப் போனால், முழுதாக வெளியேறிய குடும்பங்கள் அத்தனையும் காணாமல் போகும். பக்கத்து வீட்டில் கேட்டு எண்ணிக்கையும் நாட்டையும் மட்டும் தனித்தாளில் எழுதுங்கள்.

மூன்றாவது, இங்கே வந்தவர்கள். நம் ஆட்கள் விட்டுப்போன கட்டட வேலையிலும் ஹோட்டல்களிலும் வடமாநிலத்தவரும் நேபாளிகளும் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரரின் ஷெட்டுக்கு வீட்டு வரி எண் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போனால்தான் ஆள் கிடைக்கும். 1950 ஒப்பந்தப்படி நேபாளிகள் விசா இல்லாமல் வந்து வேலை செய்யலாம், எனவே நாட்டைக் கேட்டே எழுதுங்கள். அரசு ரப்பர் தோட்டக் குடியிருப்புகளில் பிறந்த இடம் இலங்கை என்று சிலர் சொல்வார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. முகாம்களில் உள்ள ஈழ அகதிகளின் கதை வேறு. அவர்கள் கூலிக்காக வந்தவர்கள் இல்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

எண்களைப் படிப்பது

மொத்தக் கூட்டலில் பாதிப்பு மறைந்துவிடும், வயதுவாரியாகப் பிரித்தால்தான் தெரியும். ஒரு கற்பனைக் கணக்கு: 100 வீட்டில் ஆண் 204, பெண் 206. போனவர்கள் ஆண் 40, பெண் 6. எல்லாரையும் சேர்த்தால் ஆயிரம் ஆண்களுக்கு 1010 பெண்கள். ஊரில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் 1220. 20 முதல் 39 வயது வரை ஆண் 64, பெண் 66 என்றும், அதில் போனவர் 32, 5 என்றும் வையுங்கள். மிச்சம் 32 ஆண், 61 பெண், விகிதம் 1906. இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் தூக்கிப் போக ஊரில் ஆள் எவ்வளவு குறைவு என்பதை இந்த எண் காட்டிவிடும்.

ஆனால் ஊரில் பெண்கள் அதிகம் என்பதாலேயே எல்லாப் பழியையும் புலம்பெயர்வின் மேல் போடாதீர்கள். 60 வயதுக்கு மேல் பெண்கள் கூடுதலாக இருப்பதற்கு அவர்களின் ஆயுள் நீளம் முக்கியக் காரணம். பள்ளியில் பிள்ளைகள் குறைவதில் பிறப்பு குறைந்ததற்கும் பங்கு உண்டு. பிரித்துப் பார்க்க, அங்கன்வாடியின் பிறப்புப் பதிவையும் குடும்பத்தோடு போன குழந்தைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள்.

65 வயது தாண்டியவர் தனியாகவோ இணையோடு மட்டுமோ இருக்கும் வீடுகளின் வீட்டு எண்களை, அவர்களிடம் கேட்டுச் சம்மதம் பெற்று, கிராமச் சுகாதார செவிலியரிடம் அந்த வாரமே கொடுங்கள். மற்றத் தாள்களைப் பூட்டி வைத்து, இரண்டு ஆண்டு கழித்து அதே பிப்ரவரியில் அதே வீட்டு எண்களோடு மறுபடி எடுங்கள்.