பேசாத வீட்டில் தூது போகும் பிள்ளை

"அம்மாகிட்ட சொல்லு, கரண்ட் பில் கட்டியாச்சுன்னு." சொல்பவர் ஹாலில். கேட்க வேண்டியவர் பத்தடி தள்ளி அடுப்படியில். நடுவில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், கணக்கு நோட்டும் கையுமாக. அம்மா காதில் அது எப்போதோ விழுந்தாயிற்று. ஆனாலும் மகள் போய்ச் சொல்கிறாள்.

"பிள்ளை முன்னாடி நாங்க சண்டையே போட மாட்டோம்" என்று பெருமைப்படுவதும் பெரும்பாலும் இதே வீடுகள்தான். சத்தம் இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று நம்புவது முதல் தவறு. தட்டை வைக்கிற விதத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். டேவிஸ், கம்மிங்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1994-ல் இதை 'உணர்வுப் பாதுகாப்பு' என்று விளக்கினார்கள்: அப்பா அம்மா உறவு ஆட்டம் கண்டால், தான் நிற்கும் தரையே ஆடுவதாகப் பிள்ளை உணர்கிறது.

தூதைவிட மோசம், கட்சி சேர்ப்பது. "உங்கப்பாவைப் பத்தி உனக்கென்ன தெரியும்" என்று ஆரம்பித்து, பணம், மாமியார், பழைய துரோகம் எல்லாவற்றையும் பதினைந்து வயதுப் பெண்ணிடம் கொட்டுவது. அவள் நன்றாகத்தான் கேட்பாள், ஆறுதலும் சொல்வாள். அப்புறம் சாப்பிடும்போது அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? "உனக்காகத்தான் இந்த மனுஷனோட குப்பை கொட்டுறேன்" என்பது அதிலும் கொடுமை. அம்மாவின் கஷ்டத்துக்குத் தானே காரணம் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள்.

இன்னொன்றை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. சண்டை ஹாலில், சமாதானம் படுக்கையறையில். காலையில் இருவரும் சிரித்துக்கொண்டே காபி குடித்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிச்சம். பெரியவர்கள் சண்டை போடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டி கம்மிங்ஸ் குழுவினர் சோதித்தார்கள். அது சமாதானத்தில் முடிந்ததைப் பார்த்தபோது பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. "நேத்து கோவத்துல கத்திட்டேன், பேசிச் சரி பண்ணிட்டோம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். என்ன பேசினீர்கள் என்ற விவரமெல்லாம் வேண்டாம்.

மதிப்பெண் சரிவது, எந்நேரமும் ஹெட்போன், அடிக்கடி வயிற்றுவலி: எல்லாவற்றையும் 'வயசு அப்படி' என்று தள்ளிவிட வேண்டாம்.

அடி உதை நடக்கும் வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. மனசு விட்டுப் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அம்மா, அப்பா, தூது போய்க் களைத்த மகள், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.